சர்க்கரை நோயும் கிட்னியும்: உங்கள் குடும்பத்தின் அபாயத்தை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது எப்படி?

எங்கள் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன் நோயாளிகள் என் மேசைக்கு வருவார்கள். ஃபைலைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கி, ஒரு ஏ4 தாளில் சுருக்கம் எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை, சர்க்கரை நோய் ஆலோசகர். அந்தத் தாளை வீட்டிலேயே எழுதிக்கொள்வது எப்படி என்று பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வருபவர்களில் பாதிப் பேர் "கிரியாட்டினின் நார்மல்தான் மேடம், கிட்னிக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார்கள். அவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். கிட்னியின் வேலைத்திறன் பாதியளவு போன பிறகும் கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவின் அளவு, லேபின் நார்மல் எல்லைக்குள் நிற்கக்கூடும். அதனால் முதலில் குடும்பம், அப்புறம் தேதிகள், சிறுநீர், ரத்தம், சர்க்கரையும் பிரஷரும், கண், கடைசியில் மருந்துச் சீட்டு என்று போகிறோம். எவ்வளவு உன்னிப்பாகத் தேட வேண்டும் என்பதைக் குடும்பம் சொல்லும். ஆரம்பக் கசிவைச் சிறுநீர் காட்டும். ரத்தம் பேசுவது பெரும்பாலும் அதற்கும் பிறகுதான்.

1. உட்காரும் முன் சேர்க்க வேண்டியவை

பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் வேண்டும். "போன மாசம் எடுத்தது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ஒற்றை எண்ணைவிட ஐந்து வருடங்களில் அது எப்படி நகர்ந்தது என்பதே முக்கியம். சில லேப்களின் வழுவழுப்பான சீட்டில் எழுத்து மங்கிவிடும், அவற்றை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பழையது மேலே, புதியது கீழே. பெரும்பாலான ஃபைல்கள் இதற்குத் தலைகீழாக இருக்கும். கதையைக் கடைசியிலிருந்து படித்தால் எப்போது திரும்பியது என்பது தெரியாது.

ஒரு இஞ்ச் டேப், பிரஷர் பார்க்கும் மிஷின், பென்சில், பேனா. இவற்றோடு, யார் எப்போது எதனால் இறந்தார்கள் என்று நினைவில் வைத்திருக்கும் ஒரு அத்தையோ பெரியம்மாவோ போனில் கிடைக்க வேண்டும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அடுத்த படியில் பாதி வேலை அவருடையதுதான்.

2. குடும்ப மரம் வரைவது

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள். சர்க்கரை இருந்தால் பாதிக் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். சர்க்கரையோடு கிட்னியும் பாதித்திருந்தால் முழுக் கட்டம். தெரியாவிட்டால் பென்சிலால் கேள்விக்குறி. பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் என்றால் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு. மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் இந்தக் கோட்டை விடக்கூடாது. காரணம் அடுத்த படியில் வரும்.

புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் கேள்வி கேட்கும் முறை. "வீட்டில் யாருக்காவது கிட்னி நோய் இருந்ததா?" என்று கேட்டால் பதில் "இல்லை" என்றுதான் வரும். அந்தக் காலத்தில் யாரும் அந்தப் பெயரில் சாகவில்லை. பெயரை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்:

கடைசிக் காலத்தில் காலும் முகமும் வீங்கினதா? தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்களா? டயாலிசிஸுக்காகக் கை ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்களா? வாரத்தில் இரண்டு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மணிக்கணக்கில் படுத்திருந்துவிட்டு வந்தார்களா? இன்சுலினை டாக்டரே பாதியாகக் குறைத்தாரா?

"உப்பு" என்ற சொல் வந்தால் நிறுத்தி விசாரியுங்கள். "ரத்தத்தில் உப்பு கூடிப்போச்சு" என்றால் பெரும்பாலும் யூரியாவும் கிரியாட்டினினும். கர்ப்பிணிக்கு "நீரில் உப்பு" என்றால் புரதம். வேறு சிலர் கிட்னிக் கல்லை உப்பு என்பார்கள். மூன்றும் மூன்று கதை.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி வந்தார். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டேன். "ஹார்ட் அட்டாக் மேடம்." அதற்கு முன் கால் வீக்கம் உண்டா? "ஆமா, ரெண்டு வருஷமா. வேனில் வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம்." எதற்கு? "ரத்தம் சுத்தம் பண்ண." அவர் பொய் சொல்லவில்லை. கடைசி நாளில் நின்றது இதயம், அதைத்தான் சொன்னார். டயாலிசிஸ் நோயாளிகள் பலரும் இதய நோயில்தான் இறக்கிறார்கள். அவருடைய அப்பாவின் சதுரம் முழுக் கறுப்பானது. அண்ணாச்சிக்குக் கீழே ஒரு தம்பி. தம்பிக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்றே தெரியவில்லை, அதனால் கேள்விக்குறி.

3. மரம் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

சர்க்கரை வந்தவர்கள் எல்லாருக்கும் கிட்னி கெடுவதில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் கெடுகிறது. இருபது வருடம் சர்க்கரையைச் சரியாகப் பார்க்காதவர் ஒருவருக்குக் கிட்னி நன்றாக இருக்கும். ஓரளவு ஒழுங்காக இருந்தவருக்குப் பத்து வருடத்தில் சிறுநீரில் புரதம் போகும், அது கிட்னி பழுதாவதன் அடையாளம். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு பரம்பரை.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரில் சர்க்கரை நோய் மிக அதிகம். அங்கே இரண்டு தலைமுறைகளை ஒப்பிட்டு 1990இல் வந்த ஆய்வில், பெற்றோர் இருவருக்குமே சிறுநீரில் புரதம் போகாத குடும்பங்களில், சர்க்கரை வந்த பிள்ளைகளில் சுமார் 14 சதவீதம் பேருக்குப் புரதம் போனது. பெற்றோரில் ஒருவருக்குப் போயிருந்தால் 23 சதவீதம். இருவருக்கும் என்றால் 46 சதவீதம். கூடப் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளும் இதே பக்கம்தான் காட்டுகின்றன. சென்னையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வும் அதில் ஒன்று. அண்ணனுக்குச் சர்க்கரையால் கிட்னி கெட்டிருந்தால், சர்க்கரை உள்ள தம்பிக்கும் ஆபத்து கூடுதல்.

இதை முழுக்க மரபணுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரே வீட்டில் ஒரே ஊறுகாயைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ரத்த அழுத்தமும் பரம்பரையில் வருவதுதான். மரம் அத்தனையையும் சேர்த்தே காட்டும். தாளுக்கு அது போதும்.

அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்போ ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?" வேண்டாம். சர்க்கரையால் வரும் கிட்னி நோய்க்கு ஒற்றை மரபணு காரணம் இல்லை. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். 2019இல், முதல் வகை (டைப் 1) சர்க்கரை உள்ள ஐரோப்பிய வம்சத்தவர் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து நடந்த ஆய்வில் சிஓஎல்4ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் பாதுகாப்பாக இருப்பது தெரிந்தது. கிட்னி வடிகட்டியின் சவ்வை நெய்கிற கொலாஜன் இழைக்கான மரபணு அது. ஆராய்ச்சிக்கு அருமையான துப்பு. உங்கள் மருந்துச் சீட்டில் அதனால் ஒரு மாத்திரைகூட மாறாது.

ஏபிஓஎல்1 மரபணுவைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அதன் ஆபத்தான மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் பரவியவை, அதிலும் சர்க்கரை அல்லாத கிட்னி நோயில்தான் அவற்றின் பங்கு வலுவானது. நமக்கு அதைத் தேடுவது வீண் செலவு.

மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டிய மரங்களும் உண்டு, சிலவே. தாய் வழியில் சர்க்கரையும் காது கேளாமையும் சேர்ந்து வந்தால், தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் மாற்றம் இருக்கலாம். சிறு வயதில் சர்க்கரை, கூடவே ஸ்கேனில் கிட்னி நீர்க்கட்டி என்றால் ஹெச்என்எஃப்1பி மரபணு. இதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றியிருக்கும், அதனால் மரம் வெள்ளையாக இருப்பதை நம்பி விட்டுவிடக் கூடாது. தலைமுறை தோறும் பெரிய நீர்க்கட்டிகள் என்றால் அது சர்க்கரையைச் சேராத தனிப் பரம்பரை நோய், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. சிறுநீரில் ரத்தமும் காது மந்தமும் வீட்டுப் பையன்களுக்குச் சேர்ந்து வந்தாலும் குறிப்பிடுங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும் நோய்கள் சில உண்டு. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் அவற்றின் வாய்ப்பு கூடும். இரட்டைக் கோடு போடச் சொன்னது இதற்காக.

4. தேதிகள்

சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டை மரத்துக்குக் கீழே எழுதுங்கள். முதல் வகை என்றால் கிட்னிச் சோதனையை ஐந்தாவது ஆண்டிலிருந்து வருடந்தோறும் செய்வார்கள். இரண்டாம் வகை (டைப் 2) என்றால் கண்டுபிடித்த அன்றே தொடங்க வேண்டும். அது எத்தனை வருடமாகச் சத்தமில்லாமல் இருந்தது என்று யாருக்கும் தெரியாதே.

"போன வருஷம்தான் சுகர் வந்துச்சு" என்பவரிடம் பழைய தேதிகளைத் தோண்டுங்கள். மாஸ்டர் செக்கப், வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த சோதனை, அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தம். பெண்களிடம் கர்ப்ப காலச் சர்க்கரையும், கர்ப்பத்தில் பிரஷர் ஏறியதா என்பதும். பிறந்தபோது எடை குறைவு, குறைமாதம் என்று அம்மா சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். கிட்னி வடிகட்டிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கருவிலேயே முடிவாகிவிடும், வளர்ந்த பின் புதிதாக முளைப்பதில்லை. குறைந்த முதலோடு தொடங்குபவருக்கு ஒவ்வொரு வடிகட்டியின் மேலும் சுமை கூடும்.

5. சிறுநீர்: ஏசிஆர்

லேபில் கேட்க வேண்டியது "யூரின் ரொட்டீன்" இல்லை, "யூரின் ஏசிஆர்", அதாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். ரொட்டீனில் பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். ஆரம்பக் கசிவு அந்தப் பட்டையில் பெரும்பாலும் தெரியாது. "அல்புமின் நில்" என்று வந்த அதே ஆளுக்கு ஏசிஆர் 120 வந்ததை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

விகிதமாகப் பார்க்கக் காரணம் உண்டு. நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்து, அல்புமின் குறைவாகத் தெரியும். கிரியாட்டினினும் அதே அளவுக்கு நீர்த்துப்போவதால், இரண்டையும் வகுத்துவிட்டால் தண்ணீரின் விளையாட்டு அடங்கிவிடும். "மைக்ரோஅல்புமின்" என்று லிட்டர் கணக்கில் மட்டும் எண் கொடுக்கும் ரிப்போர்ட் இதனால்தான் தாளுக்கு உதவாது.

30 மி.கி./கிராமுக்குக் கீழே என்றால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300க்கு மேல் கடுமையானது. இலங்கையிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ரிப்போர்ட் அனுப்பினால் அலகைப் பாருங்கள். மி.கி./மில்லிமோல் என்று இருந்தால் ஏறத்தாழ 9ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அங்கே 3 என்பதும் இங்கே 30 என்பதும் ஒன்றுதான். ஒரு அம்மா மகனுடைய "12"ஐப் பார்த்து நிம்மதியாக இருந்தார். நம் கணக்கில் அது நூறைத் தாண்டியது.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி, சர்க்கரையோ பிரஷரோ எகிறிக் கிடக்கும் நேரம், இவற்றில் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்த மறுநாள் எடுத்து பயந்துபோனவரும் உண்டு. ஒரு வாரம் கழித்து எடுங்கள்.

முக்கியமான விதி இதுதான்: ஒருமுறை வந்த எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் பேனா. ஏசிஆர் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் சுபாவம் உடையது. ஒற்றை எண்ணை வைத்து யாருக்கும் பட்டம் கட்டக் கூடாது. அதற்காக ஒற்றை எண்ணை மறந்துவிடவும் கூடாது.

சிறுநீரில் நுரை வந்தால் கிட்னி போச்சு என்று வருபவர்கள் நிறைய. நுரைக்கு வேறு காரணங்களும் உண்டு, நுரையே இல்லாமலும் அல்புமின் போகும். அதை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஏசிஆர் எடுங்கள்.

6. ரத்தம்: கிரியாட்டினினை இ-ஜிஎஃப்ஆர் ஆக்குங்கள்

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகம் உள்ளவருக்கு எண் அதிகம், ஒல்லியான பாட்டிக்குக் குறைவு. அதனால் வயது, பால் இரண்டையும் சேர்த்து இ-ஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீட்டை, கணக்கிட வேண்டும். 2021ஆம் ஆண்டின் சிகேடி-இபிஐ சூத்திரம்தான் இப்போது அதிகம் பயன்படுகிறது. லேபிலேயே போட்டுத் தருவார்கள், இல்லாவிட்டால் இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன.

கிரியாட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு இ-ஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 93. 65 வயதுப் பெண்ணுக்கு 56. ஒரே எண், ஒரே "நார்மல்". ஆனால் இவர் முதல் படியில் நிற்கிறார், அந்த அம்மா மூன்றாம் படியில். தாளில் எழுத வேண்டியது 56ஐ.

90க்கு மேல் முதல் படி, 60 முதல் 89 இரண்டாம் படி, 45 முதல் 59 மூன்று-ஏ, 30 முதல் 44 மூன்று-பி, 15 முதல் 29 நான்கு, அதற்குக் கீழே ஐந்து. ஏசிஆரும் இயல்பாக இருந்து இ-ஜிஎஃப்ஆர் 60க்கு மேல் இருந்தால் அதை நோய் என்று சொல்வதில்லை. குறைந்த எண் மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய நாளில் எடுத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய இரவு மட்டன் பிரியாணி சாப்பிட்டாலும் எண் கொஞ்சம் ஏறும்.

120, 130 என்று இளவயதுச் சர்க்கரை நோயாளிக்கு வந்தால் "சூப்பர் கிட்னி" என்று மகிழ வேண்டாம். அது சில சமயம் முதல் அடையாளம். ஏன் என்று அடுத்த பகுதியில்.

7. சர்க்கரை, பிரஷர், இடுப்பு: மாற்றக்கூடிய பகுதி

இங்கேதான் தாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். மரத்தை மாற்ற முடியாது, இதை முடியும்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கிட்னி ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதோடு வரும் சர்க்கரையை வீணாக்காமல் குழாயின் முதல் பகுதியிலேயே மீட்டுக்கொள்கிறது, சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு. ரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் மீட்பும் அதிகம். குழாயின் பின்பகுதிக்குச் சோடியம் குறைவாகவே போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் காவல்காரச் செல்கள் "வடிகட்டல் போதவில்லை போல" என்று தப்பாக நினைத்து, வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை அகலமாகத் திறந்துவிடுகின்றன. வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த 130 இப்படி வந்ததுதான். வருடக்கணக்கில் இந்த அழுத்தம் நீடித்தால் சவ்வு பழுதாகி அல்புமின் கசியும். எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மாத்திரைகள் அந்தச் சர்க்கரை மீட்பைத் தடுத்து, காவல்காரர்களின் தப்பெண்ணத்தைத் திருத்துகின்றன.

ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி): கடைசி ஒன்றை மட்டும் எழுதாமல் கிடைத்த எல்லாவற்றையும் எழுதுங்கள். 1993இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வில் முதல் வகை நோயாளிகள் 1,441 பேர் இருந்தார்கள், ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினார்கள், மற்றக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. ஆய்வு முடிந்த பின் இரு குழுவினரின் ஹெச்பிஏ1சியும் ஒன்றை ஒன்று நெருங்கிவிட்டது. ஆனாலும் முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் கிட்னி பல வருடங்களுக்குப் பிறகும் மேலாக இருந்தது. முதல் வருடங்களின் கணக்கை உடம்பு மறப்பதில்லை. ஆரம்பத்தில் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று விட்டவர்களிடம் நான் கடிந்துகொள்வது இதனால்தான்.

இந்த எண்ணும் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் ஹெச்பிஏ1சி பொய்யாக ஏறும். கிட்னி மிகவும் கெட்டு ரத்தசோகைக்கு ஊசி போடுபவர்களிடமும், ரத்தம் ஏற்றியவர்களிடமும் பொய்யாக இறங்கும். பக்கத்தில் ஹீமோகுளோபினையும் எழுதிவிடுங்கள்.

இன்னொரு ஏமாற்று இதைவிட மோசம். "சுகர் தானா குறைஞ்சிடுச்சு, இப்ப இன்சுலின் பாதி போதும், நம்ம கஷாயம் வேலை செய்யுது" என்று சந்தோஷமாக வருவார்கள். இன்சுலினை உடைத்து வெளியேற்றும் வேலையில் ஒரு பங்கு கிட்னியினுடையது. கிட்னி சோர்ந்தால் போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் நிற்கும், சர்க்கரை இறங்கும். காரணமில்லாமல் சர்க்கரை இறங்கினால் அன்றே இ-ஜிஎஃப்ஆர் பாருங்கள்.

பிரஷர்: வீட்டில் ஏழு நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுத்து சராசரி எழுதுங்கள். பொதுவான இலக்கு 130/80க்குக் கீழே. பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வு 1998இல் காட்டியது நினைவிருக்கட்டும்: சராசரி 154/87 இருந்தவர்களைவிட 144/82க்கு இறக்கியவர்களுக்குக் கண், கிட்னி போன்ற நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைந்தது. பத்து புள்ளிக்கே அவ்வளவு. சர்க்கரையில் முழுக் கவனத்தையும் வைத்துவிட்டு பிரஷர் மாத்திரையை "தலை சுத்தினாத்தான் போடுவேன்" என்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இடுப்பு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே டேப். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. தொப்பை, டிரைகிளிசரைடு அதிகம், ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) குறைவு, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், நான்கும் ஒன்றாக வந்தால் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்று பொருள். கிட்னி அபாயமும் அதோடு ஏறும். "எடை நார்மல்" என்று பி.எம்.ஐ.யைக் காட்டித் தப்பிக்க விடாதீர்கள்.

யூரிக் ஆசிட் கூடியிருந்தால் எழுதிவையுங்கள், அவ்வளவுதான். அது கூடுதல் அபாயத்தோடு சேர்ந்து வருகிறது. ஆனால் மாத்திரை போட்டு அதைக் குறைத்தவர்களின் கிட்னி தேய்வு மெதுவாகவில்லை என்று 2020இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. மூட்டில் கவுட் இருந்தால் வேறு பேச்சு.

உப்பு: நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மிக்ஸர் கணக்கில் வரும். இந்துப்பும் உப்புதான். "லோ சோடியம் உப்பு" இன்னும் ஆபத்து. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்தது அது. கிட்னி குறைந்தவர்கள் அதைக் கேட்காமல் தொடக் கூடாது. புகை பிடிப்பவர் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக்கையாக எழுதுங்கள், "எப்பவாவது" என்று எழுத வேண்டாம்.

8. கண் ரிப்போர்ட்

விழித்திரைப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தாளில் ஒட்டுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது இதில் சேராது. முதல் வகையில் கிட்னி கெட்டவர்களுக்கு விழித்திரையும் பெரும்பாலும் பாதித்திருக்கும். இரண்டாம் வகையில் அந்தளவு கட்டாயம் இல்லை. என்றாலும், கண் சுத்தமாக இருக்க, சர்க்கரை வந்து சில வருடமே ஆகியிருக்க, புரதம் திடீரென்று கொட்டினால் காரணம் வேறாக இருக்கலாம். சிறுநீரில் ரத்தம் இருந்தாலும் அப்படித்தான். அப்போது கிட்னி டாக்டர் பயாப்ஸி (கிட்னியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) பற்றிப் பேசுவார். சர்க்கரை இருப்பவரின் கிட்னிக் கோளாறு எல்லாமே சர்க்கரையால்தான் என்று எழுதிவிட்டால், குணப்படுத்தக்கூடிய வேறு ஒன்று தப்பிவிடும்.

9. மருந்துச் சீட்டும் சீட்டில் இல்லாதவையும்

சீட்டில் இருப்பதை எழுதுவது எளிது. இல்லாததுதான் கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் மூட்டு வலிக்கு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பஸ்பம், லேகியம். கேரளப் பக்கம் கொலஸ்ட்ராலுக்கு என்று குடிக்கப்படும் பிலிம்பிக்காய்ச் சாறு, அதன் ஆக்ஸலேட் கிட்னியைத் திடீரென்று அடைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. திட்டாமல் கேட்டால்தான் சொல்வார்கள்.

பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டியவை. ஏசிஆர் உயர்ந்திருக்கிறது, பிரஷருக்கு ரமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை பொருந்துமா? எஸ்ஜிஎல்டி2 மாத்திரை தொடங்கலாமா? டாபாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் 2020லிருந்து பல கம்பெனிகளின் விலை குறைந்த மாத்திரைகள் கிடைக்கின்றன. மெட்ஃபார்மின் அளவு இ-ஜிஎஃப்ஆருக்குச் சரியா? 45க்குக் கீழே போனால் அளவைத் திரும்பப் பார்ப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள்.

இந்த இரண்டு வகை மாத்திரைகளையும் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்குவதன் அடையாளம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நிறுத்துவதில்லை. இதைத் தெரியாமல் "மாத்திரை கிட்னியைக் கெடுக்குது" என்று தாங்களே நிறுத்தியவர்கள் என் மேசையில் மாதம் ஒருவராவது உண்டு. தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொன்னால் தவறவிடாதீர்கள். வாந்தி, பேதியில் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு, தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அதைக் கேட்க ஆள் கிடைக்காது.

எல்லாம் இயல்பு என்றால் வருடம் ஒருமுறை ஏசிஆரும் இ-ஜிஎஃப்ஆரும். மரத்தில் முழுக் கறுப்புக் கட்டம் இருந்தால் அந்த ஒருமுறையைத் தள்ளிப்போடவே கூடாது. ஏசிஆர் 300ஐத் தாண்டினாலோ, இ-ஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனாலோ, சில மாதங்களில் சரசரவென்று இறங்கினாலோ கிட்னி டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

10. போன் செய்யுங்கள்

தாள் முடிந்ததும் மரத்தைத் திரும்ப எடுங்கள். கேள்விக்குறி போட்ட ஒவ்வொருவருக்கும் போன். முதலில் கூடப் பிறந்தவர்கள், அப்புறம் வளர்ந்த பிள்ளைகள். கேட்க வேண்டியது மூன்றே: சர்க்கரை, பிரஷர், ஏசிஆர். பலரும் இந்தப் படியை விட்டுவிடுவார்கள், தாள் தனக்காக மட்டும் என்று நினைத்து.

மளிகைக் கடை அண்ணாச்சியும் தட்டிக்கழித்தார். "தம்பிக்கு சுகரே இல்லையே மேடம்." பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 188, பிரஷர் 152/94, ஏசிஆர் 85. அவருடைய சதுரத்தில் இருந்த கேள்விக்குறியை அழித்து, பாதியைப் பேனாவால் கறுப்பாக்கினேன். 85ஐ மட்டும் பென்சிலால் எழுதினேன். சர்க்கரை இறங்கட்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும்.